நீலம் பாய்ந்த கிழங்கு

பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கை இரண்டு நாள் வெறுமனே போட்டு வைத்துவிட்டு நறுக்கிப் பாருங்கள். தோல் நன்றாகவே இருக்கும். அழுகல் நாற்றம் வராது. ஆனால் வெள்ளைச் சதைக்குள் மெல்லிய நீலக் கோடுகளும் கருநீலப் புள்ளிகளும் ஓடியிருக்கும். தோலுக்குச் சற்று உள்ளே வளையம் போலவும் படர்ந்திருக்கும். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு, குமரி மாவட்டத்தில் மரச்சீனி, மற்ற இடங்களில் மரவள்ளி, கப்பக்கிழங்கு என்று பெயர்தான் மாறும். நீலம் எங்கும் ஒன்றுதான். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டி, 72 மணி நேரத்துக்குள் கிழங்கைச் சமையலுக்கு ஆகாததாக்கிவிடும். மண்ணுக்குள் பத்து மாதம் கெடாமல் கிடந்த கிழங்கு, வெளியே வந்ததும் மூன்று நாள் தாங்குவதில்லை.

இதை அழுகல் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி தேடுகிறவர்கள் நிறையப் பேர். அது வீண்செலவு. நீலக்கோடு நுண்ணுயிரால் வருவதில்லை என்பதை ஏவர் என்ற ஆய்வாளர் 1967-லேயே எடுத்துச் சொன்னார். பிறகு 1970-களில் பூத் என்பவர் மரவள்ளி கெடுவதை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டம் கிழங்கின் சொந்த உடலியலால் நடப்பது. நீலக்கோடு இதைச் சேர்ந்தது. இரண்டாம் கட்டத்தில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே வந்து அழுகலும் புளிப்பு வாடையும் தொடங்கும். பிரித்தறிவது எளிது. கோடு நீலமாக, சதை கெட்டியாக, வாடையில்லாமல் இருந்தால் முதல் கட்டம். சதை கொழகொழத்து, மூக்கில் ஏறும் வாடை அடித்தால் இரண்டாவது.

முதல் கட்டம் காயத்தில் தொடங்குகிறது. பிடுங்கும்போது காம்பு அறுந்த இடம், நுனி ஒடிந்த இடம், கடப்பாரை உரசிய இடம் இவைதான் நீலம் புறப்படும் வாசல்கள். ஆகவே மருந்தைத் தேடுவதைவிடக் காயத்தைக் குறைப்பதும், பட்ட காயத்தைக் காற்றிலும் வெயிலிலும் காயவிடாமல் மூடுவதும்தான் வைத்தியம். இந்த அத்தியாயத்தின் யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால், இங்கே எழுதாத சந்தர்ப்பத்திலும் நீங்களே முடிவெடுக்கலாம். அதற்காகக் கொஞ்சம் வேதியியல்.

காயம் பட்டதும் என்ன நடக்கிறது

செடியின் எந்தப் பாகம் கிழிந்தாலும் அந்த இடத்தில் ஆக்சிஜன் குணம் மாறுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் பெரிய வம்புக்குப் போகாத மூலக்கூறு. காயம் பட்டவுடன் செல்லின் மேற்சவ்வில் இருக்கும் ஒரு நொதி அதன் தலையில் ஓர் எலக்ட்ரானை ஏற்றிவிடுகிறது. உடனே அது சூப்பர்ஆக்சைடு ஆகிறது. சூப்பர்ஆக்சைடு நீடிக்காது; விரைவிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறிவிடும். பக்கத்தில் இரும்பு அயனி கிடைத்தால் அதிலிருந்து ஹைட்ராக்சில் பிறக்கும். இது எதிரில் எது இருந்தாலும், சவ்வு, புரதம், மரபுப்பொருள் எதுவானாலும், பதம் பார்த்துவிடும். இந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக வினைமிகு ஆக்சிஜன் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

செடி தெரிந்தேதான் இதை உண்டாக்குகிறது. ஜப்பானின் டோக்கே 1983-ல் உருளைக்கிழங்குத் துண்டுகளில் கருகல் நோய்க் கிருமி ஏறும்போது சூப்பர்ஆக்சைடு பொங்குவதைக் காட்டினார். அதுவரை இதை உயிரணு சிதைவதன் கழிவாகவே பலரும் பார்த்துவந்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயானின் ஆய்வகம் 1999-ல் தக்காளியை வைத்து இன்னொன்றைக் கண்டது. ஓர் இலையைக் காயப்படுத்தினால், அந்த இலையில் மட்டுமின்றிக் காயமே படாத மேல் இலையின் நரம்புகளிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு தெரிகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு தணிகிறது. பெராக்சைடு உண்டாவதைத் தடுத்துவிட்டால், புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் சரியாக விழிப்பதில்லை. அப்படியானால் பெராக்சைடு ஒரு தகவல். 2009-ல் அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் இந்த அலை நிமிடத்துக்கு சுமார் 8.4 சென்டிமீட்டர் வேகத்தில் செடி முழுக்கப் போவதை அளந்தார்கள். நரம்பு மண்டலமே இல்லாத ஓர் உயிருக்கு இது மோசமான வேகம் இல்லை.

தகவல் சொல்வது ஒரு வேலை. காயத்தை அடைப்பது அடுத்த வேலை. லிக்னின், சூபரின் என்ற பொருள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியான தடுப்பாக ஆக்குவது பெராக்சிடேஸ் என்ற நொதி. அதற்குப் பெராக்சைடு இல்லாமல் கை ஓடாது. உள்ளே நுழையப் பார்க்கும் கிருமிக்கும் பெராக்சைடு நஞ்சு. வேலை முடிந்ததும் காட்டலேஸ் போன்ற நொதிகளும் வைட்டமின் சி போன்றவையும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பொங்குவது, வேலை செய்வது, தணிவது என்ற இந்த வரிசை ஒழுங்காக நடந்தால் காயம் ஆறும்.

உருளைக்கிழங்கில் இது ஒழுங்காக நடக்கிறது. தோண்டிய கிழங்கை 13 முதல் 18 டிகிரி வெப்பத்தில், நல்ல ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் சிராய்ப்புகளின் மேல் புதுத்தோல் கட்டிவிடும். சர்க்கரைவள்ளிக்கு 29 முதல் 32 டிகிரி, 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், நான்கு முதல் ஏழு நாள். குளிர்கிடங்குக்காரர்கள் இதைப் பதப்படுத்துதல் என்பார்கள். உண்மையில் காயத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

மரவள்ளியிலும் இதே வரிசைதான் தொடங்குகிறது. முதல் சில மணி நேரத்துக்குள் வினைமிகு ஆக்சிஜன் பொங்குகிறது. லிக்னின் உண்டாக்கும் நொதிகள் கிளம்புகின்றன. காட்டலேஸும் கிளம்புகிறது. கொத்தனார் வந்து, செங்கல் வந்து, சிமெண்டும் வந்து இறங்கியும் சுவர் மட்டும் எழும்பாத கட்டடம் இது. அடைப்பு முழுமையாக விழுவதில்லை. பொங்கியது தணிவதும் இல்லை. காயத்தில் இருக்க வேண்டிய பதற்றம் மரக்குழாய்கள் வழியாகக் கிழங்கு முழுக்கப் போய்விடுகிறது.

காரணங்களில் ஒன்று மரவள்ளிக்கே உரியது. இதன் செல்களில் லினமாரின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. வெட்டுப்பட்டால் இரண்டும் கலந்து சயனைடு வெளிவரும். எலிக்கும் பூச்சிக்கும் வைத்த நஞ்சு இது. கிழங்கின் சொந்த மைட்டோகாண்ட்ரியாவையும் விடுவதில்லை. சுவாசச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை சயனைடு அடைத்துவிட, போக வழியில்லாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜனில் தொற்றிக்கொண்டு மேலும் சூப்பர்ஆக்சைடு ஆகின்றன. சயனைடு தடுக்க முடியாத மாற்று ஆக்சிடேஸ் நொதியை மரபணு மாற்றத்தால் மரவள்ளியில் ஏற்றிய அமெரிக்க ஆய்வாளர்கள், நீலக்கோடு இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போவதை 2012-ல் காட்டினார்கள். அந்தச் செடி நம் வயலுக்கு வரவில்லை; ஆனால் எங்கே பூட்டு இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

சரி, நிறம் ஏன் நீலம்? காயம்பட்ட மரவள்ளி ஸ்கோபோலெட்டின் என்ற பொருளை அவசர அவசரமாகச் சுரக்கிறது. கிருமிக்கு எதிரான சுரப்புதான். பெராக்சிடேஸ் நொதி அந்த ஸ்கோபோலெட்டினைப் பெராக்சைடோடு சேர்த்து ஆக்சிகரணம் செய்யும்போது கருநீலப் பொருள் உண்டாகி மரக்குழாய்களில் படிகிறது. கோடு கோடாகத் தெரிவது அதனால்தான். ஆக, நீங்கள் பார்க்கும் நீலம் எதுவும் வெளியிலிருந்து வந்ததில்லை.

உருளைக்கு ஆறுவதும் மரவள்ளிக்கு ஆறாததும் ஏன் என்று கேட்டால், எனக்குச் சரியாகப்படும் பதில் இது: உருளைக்கிழங்கில் கண் இருக்கிறது. சேனையில் குருத்து இருக்கிறது. தாய்ச்செடி செத்தாலும் அடுத்த மழைக்கு முளைத்தாக வேண்டிய விதைகள் அவை. மரவள்ளிக்கிழங்கில் கண் கிடையாது. அது முளைக்காது. அடுத்த செடி வருவது குச்சியிலிருந்துதான். கிழங்கு வெறும் வேர். தாயோடு ஒட்டியிருக்கும்வரை அதற்குத் தேவையானது கிடைக்கிறது. இதற்குச் சாட்சி உங்கள் வயலிலேயே உண்டு. அறுவடையில் வரும் கிழங்குகளில் களைக்கொத்து பட்ட பழைய வடு, எலி கறண்டிய பழைய பள்ளம் இருக்கும் கிழங்கை எடுத்து அந்த இடத்தில் வெட்டிப் பாருங்கள். கார்க்கு போலத் தோல் மூடி, உள்ளே சதை வெள்ளையாக இருக்கும். ஒட்டியிருந்தபோது பட்ட காயத்தை அதே கிழங்கு அழகாக ஆற்றிக்கொண்டிருக்கிறது.

நீங்களே செய்து பார்க்க

மருந்துக்கடையில் காயம் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சிறு குப்பி வாங்குங்கள். புதிதாக வெட்டிய கிழங்கின் முகத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைக்கும். காட்டலேஸ் நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நுரை அந்த ஆக்சிஜன். உருளையில் விட்டாலும் நுரைக்கும். வேகவைத்து ஆறவைத்த துண்டில் விட்டால் சும்மா கிடக்கும், நொதி வெந்துபோயிருப்பதால். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப் பிரமாதமான சோதனை. இதைப் பார்த்துவிட்டு யாராவது கிழங்கைப் பெராக்சைடில் முக்கிவைத்தால் என்ன என்று கேட்பார்கள். வேண்டாம். இருக்கும் தொல்லை போதும்.

இரண்டாவதற்குக் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கு வேண்டும். ஸ்கோபோலெட்டினுக்கு புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் குணம் உண்டு. பிடுங்கி அதே நாளில் வெட்டிய துண்டையும், ஒரு நாள் கடந்த கிழங்கை வெட்டிய துண்டையும் இருட்டறையில் அருகருகே வைத்து விளக்கை அடியுங்கள். பழைய துண்டில் காயத்தை ஒட்டி ஒளிர்வு கூடுதலாகத் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் கோடு கண்ணுக்குப் படுவதற்கு முன்பே தெரிய வாய்ப்புண்டு. வாங்கும் இடத்தில் கிழங்கு இன்று பிடுங்கியதா நேற்றையதா என்ற வாக்குவாதத்துக்கு இது உதவும். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள்.

மூன்றாவதுதான் விவசாயிக்கு உருப்படியானது. எந்த ரகம் எத்தனை நாள் தாங்கும் என்பதை உங்கள் மண்ணிலேயே அளக்கும் முறை. கொலம்பியாவின் காலி நகரை ஒட்டியிருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தில் வகுத்தது. நம் வசதிக்கு எளிமையாக்கித் தருகிறேன். சிராய்ப்பில்லாத, ஒரே பருமனுள்ள கிழங்குகளாக ரகத்துக்குப் பத்து எடுங்கள். இரண்டு முனையையும் வெட்டி சுமார் 15 சென்டிமீட்டர் துண்டாக்குங்கள். நுனிப்பக்க வெட்டை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடுங்கள். காம்புப்பக்க வெட்டு திறந்தே இருக்கட்டும். நிழலான அறையில் வரிசையாக வைத்து, மூன்றாம் நாள் சிலதையும் ஏழாம் நாள் மீதியையும் எடுத்து, திறந்த பக்கத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வில்லையாக ஏழு வில்லை நறுக்குங்கள். ஒவ்வொரு வில்லையிலும் தோலை ஒட்டிய சுற்றில் எத்தனை பங்கு நீலம் என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். சராசரி எடுத்தால் ரகங்களின் வரிசை தெரிந்துவிடும். ஒரே கிழங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே செடியின் இரண்டு கிழங்குகள்கூட ஒன்றுபோல நடப்பதில்லை.

கல்லூரி ஆய்வகம் இருப்பவர்கள் பெராக்சைடையே சாயமேற்றிப் பார்க்கலாம். டையமினோபென்சிடின் கரைசலை மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில், அமிலத்தன்மை 3.8-ல் தயாரித்து, காயப்படுத்திய தக்காளி இலையை அதில் சில மணி நேரம் வைத்து, பிறகு ஆல்கஹாலில் பச்சையம் போகும்வரை கொதிக்கவிட்டால் பெராக்சைடு இருந்த இடம் செம்பழுப்பாக நிற்கும். புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகம் உள்ள பொருள் அது. கையுறை கட்டாயம், வீட்டுச் சமையலறையில் கூடவே கூடாது.

பிடுங்குவதற்கு முன்

ரகத் தேர்விலேயே ஒரு முரண் இருக்கிறது. உலர்பொருள் அதிகமுள்ள கிழங்கு பொதுவாக வேகமாக நீலம் பாயும். சேகோ ஆலைக்காரர் பாயிண்ட் பார்த்துத்தான் விலை சொல்வார். பாயிண்ட் என்றால் மாவுச்சத்து. ஆக, நல்ல விலை வாங்கித் தரும் கிழங்குதான் சீக்கிரம் கெடவும் செய்யும். எச்-165, எச்-226, ஏத்தாப்பூர் ரகம் எதுவானாலும் ஆலைக்குப் போடுகிறவர் இதற்காக ரகத்தை மாற்ற வேண்டியதில்லை. லாரியின் நேரத்தை மாற்றினால் போதும். கரோட்டின் கூடிய மஞ்சள் சதைக் கிழங்குகள் நீலத்தை நன்றாகத் தாங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரோட்டின் வினைமிகு ஆக்சிஜனை அடக்கும் பொருள் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. சமையலுக்கு விற்கிறவர்கள் மஞ்சள் ரகத்தைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

நிரூபணமான ஓர் உத்தி, அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குச்சியை வெட்டிவிடுவது. தரைக்கு மேல் ஒரு சாண் அளவு கட்டையை விட்டுவிட்டு மேலே உள்ள அத்தனையையும் எடுத்துவிட வேண்டும். கிழங்கு மண்ணிலேயே, கட்டையோடு ஒட்டியபடி இருக்கும். இப்படி வைத்துப் பிடுங்கிய கிழங்கில் நீலம் வெகுவாகத் தாமதிக்கிறது. கிழங்கில் மாவு கொஞ்சம் குறைந்து சர்க்கரை கூடுகிறது என்பதும் அளந்து கண்டது. இங்கேதான் யோசிக்க வேண்டும். ஆலைக்குப் போடுகிறவருக்கு மாவு குறைந்தால் பாயிண்ட் குறையும். காலையில் பிடுங்கி மாலைக்குள் ஆலை சேர்க்க முடிகிறவருக்கு இந்த உத்தி நஷ்டம். தொலைவான சந்தைக்குச் சமையல் கிழங்காக அனுப்புகிறவருக்கு லாபம். இரண்டுமுறை ஆள்கூலி ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வெட்டிய குச்சியில் தேமல் இல்லாததை மட்டும் தேர்ந்து நிழலில் செங்குத்தாக அடுக்கினால் அடுத்த நடவுக்கு ஆகும். மழை பிடித்துக்கொண்டால் கட்டை மறுபடி துளிர்த்து மாவைத் தின்னத் தொடங்கும்; வானிலையைப் பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

மண் இறுகிக் கிடந்தால் கிழங்கு ஒடியாமல் வராது. செம்மண் காட்டில் முந்தைய ஓரிரு நாளில் லேசாக ஒரு தண்ணீர் விடுவது, பிடுங்குகிறவர்களின் முதுகுக்கும் நல்லது, கிழங்கின் நுனிக்கும் நல்லது.

பிடுங்கும் நாளில்

அதிகமான காயம் அரை மணி நேரத்தில் படுகிறது. கட்டையைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தால் கழுத்து நிலத்திலேயே முறிந்துவிடும். முதலில் சுற்றி மண்ணைத் தளர்த்தி, கடப்பாரையைச் செடியிலிருந்து கை நீளம் தள்ளி இறக்கி நெம்ப வேண்டும். கிழங்கு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு இரும்பை இறக்குகிற ஆளுக்குக் கூலி கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

பிடுங்கிய கொத்திலிருந்து கிழங்கைப் பிரிக்கும்போது முறித்து எறியும் பழக்கத்தை விடுங்கள். முறித்தால் சதை கிழிந்து காயத்தின் பரப்பு பலமடங்காகும். கூரிய அரிவாளால், கழுத்தை ஒட்டி, காம்பில் கொஞ்சம் மரப்பகுதி கிழங்கோடு இருக்கும்படி வெட்டுங்கள். உடனே சந்தைக்குப் போகாத கிழங்கைக் கொத்தோடு அப்படியே விட்டுவைப்பது இன்னும் மேல். தாய்க்கட்டையோடு இருக்கும் கிழங்கில் நீலம் நிதானமாகத்தான் வருகிறது. வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, கொத்தாக வாங்குங்கள் என்பதுதான்.

பிரித்ததும் நிழல். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் வெட்டுமுகம் காய்ந்து வெடிக்கும். நீரிழப்பு அதிகமான இடத்தில் நீலமும் முந்தும். மரநிழல் இல்லாவிட்டால் மரவள்ளி இலையையே மேலே போட்டு மூடலாம். ஒடிந்தவை, வெட்டுப்பட்டவை, தோல் உரிந்தவை என மூன்றையும் தனிக்குவியலாகப் போட்டு முதல் வண்டியிலேயே ஆலைக்கு அனுப்பிவிடுங்கள். முழுக்கிழங்கோடு கலந்து மூட்டை கட்டினால் எது முதலில் கெட்டது என்று பிறகு தேடத்தான் முடியும். லாரியில் கிழங்கின் மேல் ஏறி நின்று ஏற்றுவது நம் ஊரில் சாதாரணம். ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே ஒரு கன்றிய காயம் உண்டு. தோல் மேல் அடையாளம் இருக்காது.

வைத்திருக்க வேண்டியிருந்தால்

எல்லா வழியும் இரண்டு காரியத்தையே செய்கின்றன. ஒன்று ஆக்சிஜனைக் குறைப்பது. அது இல்லாமல் வினைமிகு ஆக்சிஜனுக்கு மூலப்பொருள் கிடையாது, நீலத்துக்கும் வழி கிடையாது. மற்றொன்று ஈரப்பதத்தைக் காப்பது. வெதுவெதுப்பும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரமும் இருந்தால் மரவள்ளியும் ஓரளவுக்குப் புண்ணாற்றத் தோல் கட்டப் பார்க்கும்.

வீட்டில் நான்கைந்து கிலோ என்றால் ஈர மணலில் அல்லது ஈர மரத்தூளில் புதைத்து வையுங்கள். நனைந்து சொட்டக் கூடாது. கையில் பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் போதும். கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் இடையில் தூள் இருக்க வேண்டும். சிராய்ப்பில்லாத கிழங்கு இப்படி வாரக்கணக்கில் தாங்கும். சிராய்ப்புள்ளது புதைத்தாலும் அழுகும், ஏனெனில் ஈரம் பூஞ்சைக்கும் பிடித்தமானது. பானைத் தண்ணீரில் முக்கி வைப்பது ஓரிரு நாளுக்குச் சரி, அதற்குமேல் புளிக்கும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுவதும் நீலத்தைத் தள்ளிப்போடும், ஆனால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிப்பதைத் தினமும் கவனிக்க வேண்டும். கோஸ்டாரிகாவிலிருந்து ஏற்றுமதியாகும் மரவள்ளி உருகிய பாரபின் மெழுகில் முக்கியெடுத்து அனுப்பப்படுகிறது. வெளிநாட்டுக் கடைகளில் கிழங்கு பளபளவென்று இருப்பது அதனால்தான். நம் உள்ளூர் விலைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

தோல் சீவி, துண்டாக்கி, நன்றாக அலசி, தண்ணீரில் மூழ்கவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கவலையில்லை. உறைப்பெட்டி இருந்தால் மாதக்கணக்கில் வைக்கலாம். எதற்கும் வசதியில்லாத இடத்தில், பிடுங்கிய அன்றே சீவி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துவிடுவதுதான் பழைய வழி, இன்றும் நல்ல வழி. காய்ந்த சீவலில் நொதி வேலை செய்யத் தண்ணீர் கிடையாது.

சமைக்கும்போது

லேசாக நீலம் ஓடிய கிழங்கைச் சாப்பிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். கோடு மட்டும் என்றால் அந்தப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்; சுவை சற்றுக் கைக்கும், நன்றாக வெந்து மலராது. கோடு பாதிக்கு மேல் பரவியிருந்தால் அந்தக் கிழங்குக்கு எரிவாயு செலவழிப்பது வீண். வாடை வந்ததையும் பூஞ்சை படிந்ததையும் செதுக்கிப் பார்க்கவே வேண்டாம்.

சயனைடு விஷயத்தில் நீலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்சரிக்கை ஒன்றுதான். பச்சையாகத் தின்னக் கூடாது. தோலையும் அதன் உள்பக்கத் தடித்த பட்டையையும் சேர்த்து உரிக்க வேண்டும். நஞ்சு அங்கேதான் கூடுதல். பெரிய துண்டாகப் போடாமல் சிறிதாக நறுக்கி, கிழங்கு தாராளமாக மூழ்கும் தண்ணீரில், பாத்திரத்தைத் திறந்துவைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிப் போகக்கூடியது; மூடி போட்டு அதை உள்ளேயே வைத்திருப்பானேன். வடித்த தண்ணீரையும் பச்சைத் தோலையும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைக்காதீர்கள். தோல் தீவனத்துக்கு வேண்டுமென்றால் மெல்லியதாகப் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, அதையும் மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்தே போடுங்கள்.